புதன்கிழமைக்காரர்கள் – 9: கேத்திக்கு வீடில்லை

1965 நவம்பர் 26 அன்று, 'தி வார் கேம்' படத்தை ஒளிபரப்பப்போவதில்லை என்று பிபிசி அறிவித்தது. கென்ட் மாவட்டத்தில் அணுகுண்டு விழுந்தால் மக்கள் கதி என்ன என்று பீட்டர் வாட்கின்ஸ் எடுத்த முக்கால் மணி நேரப் படம் அது. வீட்டுக்குள் வரும் ஊடகத்துக்கு இந்தக் கொடூரம் தாங்காது என்று காரணம் சொன்னார்கள். இரண்டு மாதம் முன்பே அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளை அழைத்துப் படத்தைப் போட்டுக் காட்டியதைப் பற்றி மட்டும் அவ்வளவாக வாய் திறக்கவில்லை. வாட்கின்ஸ் வேலையை உதறிவிட்டுப் போனார். படம் 1985 வரை தொலைக்காட்சிக்கு வரவில்லை.

சென்ற வாரம் இங்கேதான் நிறுத்தினோம். இவ்வளவு பயந்துபோன நிறுவனத்தில் இனி யார் துணிந்து படம் எடுப்பார்கள் என்று கேட்டிருந்தோம்.

பதில், அதே நிறுவனத்தின் கதை இலாகாவில் உட்கார்ந்திருந்தது. வயது 29. பெயர் டோனி கார்னெட்.

*

கார்னெட் போட்ட சண்டை புரிய வேண்டுமானால், அன்றைய தொலைக்காட்சி நாடகம் எப்படித் தயாரானது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

நடிகர்கள் இரண்டு மூன்று வாரம் ஏதாவது ஒரு கூடத்தில் ஒத்திகை பார்ப்பார்கள். தரையில் டேப் ஒட்டியிருக்கும்: இது சுவர், இது கதவு, இது மாடிப்படி. அதன்பிறகு ஸ்டூடியோ. ஒரே கூரைக்குக் கீழே சமையலறை, வரவேற்பறை, மதுக்கடை என்று செட்டுகள் வரிசையாக நிற்கும். நான்கைந்து கனத்த எலெக்ட்ரானிக் கேமராக்கள் சக்கரத்தில் உருண்டுகொண்டிருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இயக்குநர் கேமரா எண்களைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்தி ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். எடிட்டிங் என்பது அவ்வளவுதான்; ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். ஒரு காட்சி முடிந்ததும் நடிகை கேபிள்களைத் தாண்டி ஓடிப்போய், வேறு கோட்டை மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்குவதை மறைத்தபடி அடுத்த செட்டில் நிற்க வேண்டும்.

ஆரம்பத்தில் இதெல்லாம் நேரலை. 1958 நவம்பர் 30 அன்று பிபிசிக்குப் போட்டியான தனியார் தொலைக்காட்சி ஐடிவியின் 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் 'அண்டர்கிரவுண்ட்' என்ற நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கேரத் ஜோன்ஸ் என்ற இளம் நடிகர் இரண்டு காட்சிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. நாடகம் நிற்கவில்லை. மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் சமாளித்து, கடைசிக் காட்சி வரை ஓட்டியே விட்டார்கள்.

அந்த வரிசைக்குப் பொறுப்பாளர் சிட்னி நியூமன் என்ற கனடாக்காரர். 1963இல் பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக வந்து, சாமானியர்களின் வாழ்க்கை வேண்டும் என்று கேட்டு, அடுத்த ஆண்டே புதன்கிழமை நாடக வரிசையைத் தொடங்கிவைத்தாரே, அதே நியூமன்தான்.

வீடியோ டேப் வந்தபிறகும் பழக்கம் மாறவில்லை. இரண்டு அங்குல அகலமான டேப், விலையோ கன்னாபின்னா. ஒன்றை அழித்துத்தான் அதன்மேல் இன்னொன்றைப் பதிவு செய்வார்கள். (அந்தக் காலத்து நாடகங்களில் எத்தனையோ இன்று மிஞ்சாமல் போனதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.) பிளேடால் வெட்டி ஒட்டினால் டேப் வீணாகும் என்பதால் வெட்டாமலே ஒப்பேற்றப் பார்ப்பார்கள். ஆக, பதிவு செய்தாலும் மேடை நாடகத்தின் கதிதான்.

தெரு, ரயில், வயல் இதெல்லாம் தேவைப்பட்டால்? கதாநாயகன் டாக்ஸியில் ஏறுவதை மட்டும் வெளியே ஃபிலிமில் எடுத்துவந்து நடுவில் செருகுவார்கள்.

இதை யாரும் குறையாக நினைக்கவில்லை. தொடர்ந்து ஓடும் நடிப்புதான் தொலைக்காட்சியின் தனித்தன்மை, ஃபிலிம் சினிமாக்காரன் சமாசாரம் என்று மனமார நம்பியவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள். பெரும் பணம் போட்டுக் கட்டி 1960இல் திறந்த டெலிவிஷன் சென்டரின் ஸ்டூடியோக்கள் காலியாகக் கிடக்கக் கூடாது. அங்குள்ள ஆட்களுக்குச் சம்பளம் எப்படியும் போய்க்கொண்டிருக்கிறது. ஃபிலிம் வாங்குவதும் கழுவுவதும் தனியாகக் கையைக் கடிக்கும் செலவு. ஆகவே கணக்குப் புத்தகத்தில் ஸ்டூடியோ நாடகம் சும்மா கிடைப்பதாகவும், வெளிப்புறப் படப்பிடிப்பு ஊதாரித்தனமாகவும் தெரிந்தது. பெரிய அலுவலகத்தில் நாலு வருஷம் குப்பை கொட்டிய எவருக்கும் இந்தக் கணக்கு பழக்கமானதுதான்.

போதாக்குறைக்குத் தொழிற்சங்க விதிகள். தொலைக்காட்சி நாடகம் என்று பெயர் வைத்துவிட்டு முழுக்க ஃபிலிமிலேயே எடுத்துவிட அவை இடம் கொடுக்கவில்லை.

*

'வார் கேம்' தடைக்கு மூன்று வாரம் முன்பு, 1965 நவம்பர் 3 அன்று, புதன்கிழமை வரிசையில் 'அப் தி ஜங்ஷன்' வந்தது. லண்டனின் பேட்டர்சீ பகுதியில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் மூன்று பெண்கள். நெல் டன் எழுதிய புத்தகம். இயக்கம் கென் லோச்: கார்னெட்டுக்குச் சம வயது, ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்துவிட்டு நாடகத்துக்குத் தாவியவர், 1963இல் பயிற்சி இயக்குநராக பிபிசிக்குள் நுழைந்தவர்.

தயாரிப்பாளர் ஜேம்ஸ் மெக்டகர்ட் விடுமுறையில் போயிருந்த சமயம் பார்த்துக் கார்னெட் இந்தக் கதையைத் தயாரிப்பில் ஏற்றிவிட்டார். மெக்டகர்ட் முகம் சுளித்தாலும் கைவிடவில்லை.

லோச்சுக்கு வெளியே படமெடுக்கக் கிடைத்தது நான்கு நாள். 16 எம்.எம். கேமரா. மற்றதெல்லாம் வழக்கம்போல ஸ்டூடியோவில். இரண்டையும் அப்படியே சேர்த்தால் புது வேட்டியில் பழைய துணியை ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். துண்டு துண்டாக வெட்டிக் கலந்தால் தப்பிக்கலாம். ஆனால் டேப்பில் யார் கை வைக்க விடுவார்கள்?

இங்கேதான் ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. ஸ்டூடியோப் பதிவுக்குக் காப்பாக, திரையில் ஓடுவதை 16 எம்.எம். ஃபிலிமில் ஒரு நகல் எடுத்து வைப்பது உண்டு. தரம் சுமார்தான். ஒளிபரப்புவதற்காக எடுத்ததல்ல, ஆபத்துக்கு உதவ எடுத்தது. ஆனால் அது ஃபிலிம். கத்தரிக்கு அதுபோதும்.

அந்த நகலைத் தூக்கிக்கொண்டு எடிட்டிங் அறைக்குள் போனார்கள். வெளியே எடுத்ததையும் உள்ளே எடுத்ததையும் ஒரே மேஜையில் போட்டு இஷ்டத்துக்கு வெட்டினார்கள். பாட்டு, தெருச் சத்தம், வம்புப் பேச்சு எல்லாவற்றையும் மேலே ஏற்றினார்கள். படம் கலங்கலாக இருக்கிறது என்ற முனகலையும் மீறி அதுவே ஒளிபரப்பானது. மேலிடத்தில் யாரும் உத்தரவு போடாமல், ஒரு காப்பு நகலின் வழியாக, பிபிசி நாடகத்துக்குள் சினிமா எடிட்டிங் நுழைந்துவிட்டது.

அந்த நாடகத்தில் ஒரு பெண் கள்ளத்தனமாகக் கருக்கலைப்பு செய்துகொள்கிறாள். வியர்த்து, கத்தி, துடிக்கும் அவள் முகத்தை விட்டு கேமரா நகர்வதில்லை. அதன்மேல் நிதானமாக ஒரு மருத்துவரின் குரல், இப்படிச் சாகிற பெண்களைப் பற்றிப் பேசுகிறது. பிரிட்டனில் அப்போது கருக்கலைப்பு குற்றம். ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பார்த்தார்கள். புகார்கள் வந்து குவிந்தன. சட்டம் மாற 1967 அக்டோபர் ஆயிற்று.

கார்னெட் ஏன் இதற்கு ஒற்றைக்காலில் நின்றார் என்பது அன்று வெளியே தெரியாது. அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, பர்மிங்காமில், இப்படியொரு கள்ளக் கருக்கலைப்புக்குப் பிறகு அம்மா இறந்துபோனார். 19 நாள் கழித்து அப்பா தற்கொலை செய்துகொண்டார். 2016இல் வெளியான தன்வரலாற்றில் கார்னெட் இதை விரிவாக எழுதியபோது அவருக்கு வயது 80.

*

அடுத்த கதை நெல் டன்னின் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அவர் கணவர் ஜெரமி சாண்ட்ஃபோர்ட். ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு என்று வசதியான வளர்ப்பு. செல்சீயின் சொகுசை விட்டுவிட்டு, தேம்ஸின் தென்கரையில் பேட்டர்சீத் தொழிலாளர்களுக்கு நடுவே குடிவந்த தம்பதி. பக்கத்தில் குடியிருந்த ஒரு குடும்பத்தை வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று தேடிய சாண்ட்ஃபோர்ட், நியூயிங்டன் லாட்ஜ் என்ற விடுதியில் போய் நின்றார்.

வீடிழந்த குடும்பங்களுக்கு லண்டன் நிர்வாகம் நடத்திய விடுதி அது. ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்துவைத்து வேலை வாங்கிய கட்டடம். தாயும் பிள்ளைகளும் தங்கலாம். கணவனுக்கு இடமில்லை, பார்வை நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அங்கும் காலக்கெடு உண்டு. கெடு முடிந்து போக்கிடம் இல்லையென்றால் பிள்ளைகளை நிர்வாகம் எடுத்துக்கொள்ளும்.

தாய் தகப்பன் உயிரோடு, குணத்தோடு இருக்கும்போதே, கூரை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைப் பிரிப்பதா? சாண்ட்ஃபோர்டுக்குத் தூக்கம் போனது. 1960இல் வானொலிக்கு ஒரு விவரணம் செய்தார். பத்திரிகைகளில் எழுதினார். ஒரு சலனமும் இல்லை. பேட்டி எடுத்த ஒலிநாடாக்களும் வெட்டி வைத்த பத்திரிகைச் செய்திகளும்தான் மிச்சம். அவற்றை வைத்து ஒரு நாடகம் எழுதினார்.

கேத்தி என்ற பெண் ஊரிலிருந்து லண்டனுக்கு வருகிறாள். லாரி ஓட்டும் ரெஜ்ஜைக் காதலித்து மணக்கிறாள். நல்ல அடுக்குமாடி வீடு. ஆனால் குழந்தைகள் கூடாது என்பது வீட்டுக்காரர் நிபந்தனை. அவள் கர்ப்பமாகிறாள், அவன் விபத்தில் அடிபடுகிறான், வருமானம் நிற்கிறது. மாமியார் வீட்டு நெரிசல், ஒரு பழைய வீடு, ஊர்க்காரர்கள் விரட்டும் கேரவன் முகாம் என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் விடுதிக்கு வருகிறாள். புருஷன் வெளியே. பிறகு அவளும் வெளியே.

இதில் வில்லன் யாரும் இல்லை. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் உட்கார்ந்திருப்பவர் தன் விதிப்படிதான் நடக்கிறார். சாண்ட்ஃபோர்டின் எழுத்தில் எனக்குப் பிடித்ததும் என்னைப் பயமுறுத்துவதும் இதுதான்.

பிபிசியில் இந்தக் கதை ஏறாத படியில்லை. எல்லோரும் கைவிரித்தார்கள். 1966இல் கார்னெட் தயாரிப்பாளர் ஆனார். எடுத்துக்கொண்டார்.

*

இந்த முறை பின்வாசல் வழியில் போக கார்னெட் தயாரில்லை. நான்கு நாள் வெளியே, மீதி உள்ளே என்ற கதையே வேண்டாம்; கேத்தி எங்கெல்லாம் துரத்தப்படுகிறாளோ அங்கெல்லாம் கேமரா கூடவே போக வேண்டும் என்றார். அதற்கு 16 எம்.எம். போதும் என்றார்.

அவர் கேட்டது பணத்தைவிடப் பெரிய விஷயம். 16 எம்.எம். செய்திக்காரர்களின் கருவி. தோளில் ஏற்றலாம், சின்னக் குழு போதும், குறைந்த வெளிச்சத்திலும் ஏதோ தேறும். கலவரத்துக்கும் தேர்தல் கூட்டத்துக்கும் அது சரி. நாடகத்துக்கு ஃபிலிம் என்றால் 35 எம்.எம்.தான், அதன் கனமும் கும்பலும் செலவும் சேர்த்து. நாடகத்துக்குச் செய்திக்காரனின் கேமராவைக் கொடுத்தால் நாடகம் செய்தி மாதிரி தெரியுமே என்பது எதிர்த்தவர்களின் வாதம். தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன் என்பது கார்னெட்டின் பதில்.

இந்த மோதலைச் சிலர் கலைஞனுக்கும் அதிகாரிக்கும் நடந்த போராட்டமாகச் சித்தரிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்த்தவர்களுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. செட்டில் அழுகிற கேத்தி ஒரு நடிகை. நிஜத் தெருவில், ஆடும் கேமராவில், கரகரக்கும் ஒலியில் அழுகிற கேத்தி யார்?

கார்னெட் விடவில்லை. கடைசியில் சம்மதம் வந்தது. விதிகளின் மானத்தைக் காப்பாற்ற ஒரு பத்து நிமிடப் பகுதி மட்டும் ஸ்டூடியோவில் எலெக்ட்ரானிக் கேமராவில் எடுக்கப்பட்டது. அதையும் ஃபிலிமுக்கு மாற்றிப் படத்தோடு கலந்துவிட்டார்கள். இன்று பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பத்து நிமிடம் எது என்றே தெரியாது.

*

படப்பிடிப்புக்கு மூன்று வாரம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று வைத்துக்கொண்டாலும், 75 நிமிடப் படத்துக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு நிமிடம் தேற்றியாக வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கு கட்டிக்கொண்டிருந்தால் கதை கந்தல். ஒளிப்பதிவாளர் டோனி இமி கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நிஜமான படிக்கட்டுகள், நிஜமான சந்துகள். தூரத்தில் நின்றபடி நீண்ட லென்ஸில் எடுக்கும்போது, நடுவே யாரோ ஒருவர் குறுக்கே போவார். அந்த ஷாட் அப்படியே படத்தில் இருக்கும். மற்றவர்கள் குப்பையில் போடும் ஷாட் அது.

கேத்தியாக நடித்த கேரல் வைட்டுக்கு வயது 23. 'அப் தி ஜங்ஷன்' படத்திலும் இருந்தவர். ரெஜ்ஜாக ரே புரூக்ஸ். வசனம் எழுதப்பட்டிருந்தாலும் வாயில் வருகிற மாதிரி பேசவிட்டார் லோச். காட்சிகளுக்கு மேல் சாண்ட்ஃபோர்டின் ஆராய்ச்சியிலிருந்து வந்த முகம் தெரியாத குரல்கள் ஓடுகின்றன. காத்திருப்போர் பட்டியலில் இத்தனை குடும்பம், இந்த நகரத்தில் இத்தனை வீடு பற்றாக்குறை என்று புள்ளிவிவரங்கள், ஒரு கணவன் மனைவி சண்டையின் நடுவில் வந்து விழுகின்றன. அதுவரை நாடகங்கள் இப்படிப் பேசியது அபூர்வம்.

கடைசிக் காட்சி, லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையம்.

இரவு. விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட கேத்தி இரண்டு பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அதிகாரிகள் வருகிறார்கள். பிள்ளைகளைக் கொடு என்கிறார்கள். அவள் இழுத்து அணைக்கிறாள். ஒருவர் ஒரு பிள்ளையைப் பிடுங்க, இன்னொருவர் இன்னொன்றை. பிள்ளைகள் வீறிட்டு அலறுகின்றன. கேமரா நெருங்கிப் போய் அந்தக் கைகளையும் அவள் வாயையும் துண்டு துண்டாகக் காட்டுகிறது. பின்னணி இசை இல்லை.

அந்தப் பிள்ளைகள் கேரல் வைட்டின் சொந்தப் பிள்ளைகள். தாயிடமிருந்து தங்களை யாரோ பிய்த்துக்கொண்டு போகிறார்கள் என்ற பயம் அந்த நிமிடத்தில் அவர்களுக்கு நிஜம். இன்று எந்தத் தயாரிப்பிலும் இதை அனுமதிக்க மாட்டார்கள். அனுமதிக்கவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிரிட்டிஷ் தொலைக்காட்சி வரலாற்றில் அதிகம் நினைவில் நின்ற காட்சிகளில் ஒன்று இப்படித்தான் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

படம் முடிந்ததும் எழுத்துகள். காட்டப்பட்டவையெல்லாம் கடந்த 18 மாதத்துக்குள் பிரிட்டனில் நடந்தவை. வீடில்லாத காரணத்தால் ஆண்டுக்கு 4,000 குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிறார்கள். போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி பிரிட்டனைப்போல இரண்டு மடங்கு வீடு கட்டியிருக்கிறது.

*

1966 நவம்பர் 16, புதன்கிழமை. இரவுச் செய்தி முடிந்த கையோடு 'கேத்தி கம் ஹோம்' தொடங்கியது.

அந்த நேரத்தை அவர்கள் அறிந்தே பயன்படுத்தினார்கள். செய்தி பார்த்த அதே கண்ணோடு, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் முன்பே படத்துக்குள் விழுந்துவிட வேண்டும். 1 கோடியே 20 லட்சம் பேர் விழுந்தார்கள். அன்றைய பிரிட்டனில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் பிபிசிக்குத் தொலைபேசி அழைப்புகள், கடிதங்கள், பணம். அடுத்தடுத்த நாட்களில் செய்தித்தாள் தலையங்கங்கள், நாடாளுமன்றத்தில் பேச்சு. தகவல் பிழைகள் மலிந்த படம் என்று உள்ளாட்சித் தரப்பிலிருந்து கண்டனம். டிசம்பர் 1 அன்று, வீடற்றோருக்காக 'ஷெல்ட்டர்' என்ற அமைப்பு லண்டனில் தொடங்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். கேத்தியைப் பார்த்துத்தான் ஷெல்ட்டர் பிறந்தது என்று பல கட்டுரைகளில் எழுதிவிட்டார்கள். பதினைந்து நாளில் எந்த அமைப்பையும் உருவாக்க முடியாது. பாதிரியார் புரூஸ் கென்ரிக்கும் அவருடைய கூட்டாளிகளும் வெகுகாலமாகவே அதற்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். படம் வந்ததில் அவர்களுக்கு அடித்தது யோகம். நாடே கேத்தியின் முகத்தை மறக்காமல் இருந்த நேரத்தில் அவர்கள் உண்டியலை நீட்டினார்கள்.

நேரடியாக விளைந்த மாற்றம் ஒன்று உண்டு: விடுதிகளில் கணவன்மார்களைச் சேர்க்காத வழக்கத்தை பர்மிங்காம் நகர நிர்வாகம் கைவிட்டது. பெரிய வெற்றி இல்லையே என்று தோன்றலாம். லோச்சுக்கே அப்படித்தான் தோன்றியது. எல்லாக் கட்சிக்காரர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாராட்டிய படம் யாரைத்தான் உறுத்தியிருக்கும் என்று பின்னாட்களில் கேட்டார். நிலம் யாருடையது, வீடு கட்டும் தொழில் யார் கையில் என்ற கேள்விகளைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்ற குறை அவருக்கு உண்டு. அடுத்தடுத்த படங்களில் அவர் கோபம் ஏறிக்கொண்டே போனதன் வேர் இங்கே இருக்கிறது.

*

பாராட்டு மழைக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் சேரவில்லை.

1967 ஜனவரி 8, சண்டே டெலிகிராஃப். எழுதியவர் கிரேஸ் விண்டம் கோல்டி. பிபிசியின் நடப்பு அரசியல் நிகழ்ச்சிகளைத் தூக்கி நிறுத்தியவர். ஒரு தலைமுறைச் செய்தியாளர்களை வளர்த்துவிட்டு 1965இல் ஓய்வுபெற்றவர். அவர் கேட்டது இதைத்தான்: தொலைக்காட்சியில் நிஜத்தையும் கற்பனையையும் இப்படிப் போட்டுக் கலக்கலாமா?

ஆபாசம், அவதூறு என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்த மேரி ஒயிட்ஹவுஸின் இயக்கத்தை பிபிசி தலைமை இயக்குநர் ஹியூ கிரீன் அலட்சியமாக ஒதுக்கிவிட்டார். (நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் தம்பி இவர்.) கோல்டியை அப்படி ஒதுக்க முடியாது. அவர் வீட்டுக்குள் இருந்து வந்தவர். செய்தியின் நம்பகத்தன்மை எத்தனை ஆண்டு உழைப்பில் சேர்த்த சொத்து என்று அவருக்குத் தெரியும். ஸ்டூடியோ செட்டில் நடந்தால் பார்ப்பவருக்கு அது நாடகம் என்று தெரிகிறது. செய்திக்காரனின் கேமராவும் செய்திக்காரனின் குரலும் செய்தி முடிந்த நேரமும் சேர்ந்துகொண்டால், எது ஆதாரம், எது எழுத்தாளரின் சரக்கு என்று எப்படிப் பிரிப்பது? இன்று நல்ல நோக்கத்துக்காகச் செய்தார்கள். நாளை வேறொருவர் வேறு நோக்கத்துக்காக இதே வித்தையைச் செய்தால்?

கார்னெட் தரப்பிலும் பதில் இருந்தது. செய்தி மட்டும் என்ன, வானத்திலிருந்து விழுகிறதா? அதையும் யாரோ வெட்டித்தானே ஒட்டுகிறார்கள்? நியூயிங்டன் லாட்ஜ் இத்தனை ஆண்டுகள் லண்டனின் நடுவில் இருந்தும் அதைக் காட்டாத செய்தி எந்த வகை நிஜம்?

மூன்று நாள் கழித்து, ஜனவரி 11 அன்று, பிபிசி 'கேத்தி கம் ஹோம்' படத்தை மறுஒளிபரப்பு செய்தது. அப்போதைக்கு அதுதான் நிறுவனத்தின் பதில்.

அப்போதைக்கு மட்டும்தான். அந்தக் கோடையில் பிரதமர் ஹெரால்டு வில்சன் யாரும் எதிர்பாராத ஒரு காய் நகர்த்தினார். பிபிசி ஆளுநர் குழுவின் தலைவர் நாற்காலி காலியானதும், எதிர்முகாமான தனியார் தொலைக்காட்சியின் மேற்பார்வை அமைப்பிலிருந்து அதன் தலைவரையே தூக்கிவந்து உட்காரவைத்தார். லார்டு ஹில்: போர்க்காலத்தில் வானொலி டாக்டர் என்று வீட்டுக்கு வீடு பெயர் வாங்கியவர், பிறகு கன்சர்வேட்டிவ் அமைச்சர். கிரீனின் கொட்டத்தை அடக்கத்தான் இந்த ஏற்பாடு என்று லண்டன் முழுக்கப் பேச்சு. 1967 செப்டம்பரில் ஹில் பொறுப்பேற்றார். அந்த ஆண்டின் முடிவில் நியூமனின் ஒப்பந்தமும் தீர்ந்து, அவர் பெட்டியைக் கட்டவிருந்தார்.

'வார் கேம்' படத்தைப் பூட்டிவைத்ததும் இதே நிறுவனம்தான், கேத்தியை இரண்டு முறை காட்டியதும் இதே நிறுவனம்தான். இரண்டும் நடந்தது கிரீனின் காலத்தில். ஹில்லின் காலத்தில், செய்திக்குப் பின்னால் வரும் அந்தப் புதன்கிழமை இரவு யார் கைக்குப் போகும்? கார்னெட்டும் லோச்சும் உள்ளே இருந்து சண்டை போடுவார்களா, கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிடுவார்களா?

(தொடரும்)